பாலைமரத்தில் ஒரு வண்டா: காட்டு ஓர்க்கிட்டுகளின் வகைப்பாடும் பரம்பலும்

எங்கள் வளவின் பின்வேலியோரம் நிற்கும் முதிய பாலைமரத்தில் குருவிச்சை பிடித்துவிட்டதென்று, சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரை மரத்தில் ஏற்றி அதை வெட்டுவித்தோம். மாலையில் மரத்தடியில் குவிந்து கிடந்தவற்றில் பாதி குருவிச்சை; மறுபாதி, விரல் தடிப்பான சாம்பல் வேர்களோடு பட்டையிலிருந்து உரித்தெடுக்கப்பட்ட வண்டா என்னும் காட்டு ஓர்க்கிட். வெட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. மரத்தின்மேல் முளைக்கும் எதுவும் மரத்தை உறிஞ்சி வாழ்வதே என்றுதான் வட இலங்கையின் வன்னிப் பகுதியில் பலரும் எண்ணுகின்றனர். ஒரு தாவரம் எங்கே வளர்கிறது என்பதை வைத்து அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று முடிவுசெய்யும் இந்தப் பழக்கம், பெரிய தாவரவியலாளர்களையும் ஒரு காலத்தில் தடுமாற வைத்த பழக்கம் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

குருவிச்சை ஓர் ஒட்டுண்ணி. அது தன் பருகி வேரை மரத்தின் உயிருள்ள இழையத்துக்குள் செலுத்தி, மரம் மேலே ஏற்றும் நீரையும் கனியுப்புக்களையும் தனக்கு எடுத்துக்கொள்கிறது. வண்டாவின் வேரோ பட்டையின் வெளிப்புறத்தைத் தழுவிப் பிடித்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மரம் ஒரு மேடை மட்டுமே. உணவை இலையே ஆக்கிக்கொள்ளும், நீரை மழையும் பனியும் கொடுக்கும், உப்புக்களைப் பட்டையின் வெடிப்புகளில் தங்கும் தூசியும் மக்கிய சருகும் கொடுக்கும். இவ்வாறு வாழும் தாவரங்களை மேலொட்டிகள் என்கிறோம். இதைக் கண்ணாலேயே பார்க்க விரும்புபவர், காய்ந்த வண்டா வேரொன்றின்மேல் சில துளி நீரை விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடந்த வேர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். வேரின் வெளியுறை இறந்த வெற்றுக் கலங்களால் ஆனது. அது வேலமன் எனப்படும். காய்ந்திருக்கையில் அக்கலங்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெண்மையாகத் தோன்றுகிறது. நீர் பட்டதும் அவை கடற்பஞ்சைப்போல் அதை உறிஞ்சிக்கொள்ள, உறை ஒளிபுகும் தன்மை பெற்று, உள்ளேயிருக்கும் பச்சையம் வெளித்தெரிகிறது. அன்று குவியலில் கிடந்த வண்டாக்களை வாழைநாரால் மீண்டும் பாலையில் கட்டிவிட்டேன். அவற்றுள் இரண்டு அடுத்த மாரியில் புதிய வேர் விட்டுப் பிடித்துக்கொண்டன.

ஓர்க்கிட் என்பது ஒரு தனிச் செடியின் பெயரல்ல. ஓர்க்கிடேசியே என்னும் பெருங் குடும்பத்தின் பெயர். ஏறத்தாழ 28,000 இனங்களும் 750 அளவிலான சாதிகளும் கொண்ட இக்குடும்பம், சூரியகாந்தியின் குடும்பத்தோடு போட்டியிட்டுக்கொண்டு, பூக்கும் தாவரக் குடும்பங்களுள் முதலிரண்டு இடங்களில் நிற்கிறது. (சாதி என்று நம் பாடநூல்கள் குறிப்பதையே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பேரினம் என்கின்றன, நெருங்கிய உறவுடைய இனங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு என்று விளங்கிக்கொண்டால் போதும்.) இக்குடும்பம் ஒருவித்திலைத் தாவரங்களைச் சேர்ந்தது. அதற்குமேல் அதன் உறவுமுறையைத் தேடினால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நம் காட்டுப் பற்றைகளில் முள்ளோடு படரும் சாத்தாவாரியும், தோட்டத்து வெங்காயமும், வேலியோரக் கற்றாழையும் அடங்கிய அதே வருணத்தில்தான் (உறவுடைய குடும்பங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு) இன்றைய வகைப்பாடு ஓர்க்கிட்டுகளையும் வைக்கிறது.

இத்தனை ஆயிரம் இனங்களையும் ஒரு குடும்பமாகக் கட்டுவது பூவின் அமைப்பு. ஆகவே பாலைமரத்து வண்டாவின் ஒரு பூவைக் கையிலெடுத்துச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இதன் முழுப் பெயர் வண்டா டெசலாட்டா. கட்டம் கட்டமாகக் கோடிட்டது என்பது இரண்டாஞ் சொல்லின் பொருள். மஞ்சள் கலந்த பச்சை இதழ்களின்மேல் தவிட்டு நிறக் கோடுகள் வலைப்பின்னல்போல் ஓடுவதைக் கண்டவருக்குப் பெயரின் காரணம் சொல்லாமலே விளங்கும். வெளியே மூன்று புல்லிகள், உள்ளே மூன்று அல்லிகள். அல்லிகளுள் இரண்டு ஒன்றைப்போல் ஒன்று இருக்க, மூன்றாவது மட்டும் ஊதா நிறம் பெற்று, தடித்து, முன்னால் நீண்டு நிற்கிறது. இதை உதட்டிதழ் என்பர். நம் பேச்சுவழக்கில் சொண்டு என்றால் இன்னும் பொருத்தம். பூவுக்கு வரும் பூச்சி இறங்குவதற்கான திண்ணை அது. மொட்டாக இருக்கையில் இவ்விதழ் உண்மையில் மேற்பக்கத்தில் இருக்கிறது. பூ விரியுமுன் காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவருகிறது. காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதில் ஓடும் வரிகள் கயிற்றுப்புரிபோல் திரும்பியிருப்பது தெரியும்.

உதட்டிதழுக்கு நேர்மேலே குட்டையான ஒரு தூண் இருக்கிறது. மற்றப் பூக்களில் தனித்தனியாக நிற்கும், மகரந்தம் தாங்கும் கேசரமும், சூலகத்தின் தண்டான தம்பமும், மகரந்தம் வந்து படியும் குறியும் இங்கே ஒன்றாக உருகி இந்தத் தூணாகிவிட்டன. ஓர்க்கிட்டை அறிவதற்கு இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. பனையோலை ஈர்க்கு ஒன்றின் நுனியைத் தூணின் உச்சியில் மெல்ல அழுத்தி எடுத்தால், சிறு தொப்பியொன்று கழன்று, இரண்டு மஞ்சள் மணிகள் ஈர்க்கில் ஒட்டிக்கொண்டு வரும். பூவின் மகரந்தம் முழுவதும் அவ்விரண்டு மணிகளுக்குள் மெழுகுபோல் திரண்டிருக்கிறது. தேனீயின் முதுகில் அந்தத் திரள் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவின் குறியில் சென்று படிந்தால், ஒரே வருகையில் பல்லாயிரம் சூல்கள் கருவுறலாம். பூச்சி தவறிவிட்டாலோ எல்லாம் போயிற்று. சூதாட்டம் போன்ற ஏற்பாடுதான்.

வகைப்பாட்டின் கதைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் ரீட், அந்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட ஹோர்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலை 1678 முதல் 1693 வரை வெளியிடச் செய்தார். அதில் ஓர்க்கிட்டுகள் ஊர் மக்கள் சொன்ன பெயர்களிலேயே இடம்பெற்றன. காஞ்சிர மரவாழை, அஞ்சிலி மரவாழை என்று, எந்த மரத்தில் வளர்ந்ததோ அந்த மரத்தின் பெயரால் அவை குறிக்கப்பட்டன. காஞ்சிரம் என்பது எட்டி மரம்; அஞ்சிலி என்பது ஒருவகைக் காட்டுப்பலா. மரவாழை என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. பூச்சூட்டிய தமிழ்ப் பெயர்கள் எத்தனையோ பின்னர் ஆக்கப்பட்டும், இந்தச் செடியின் தோற்றத்தை இதைவிடச் சுருக்கமாக எதுவும் சொல்லவில்லை. ஆயினும் வகைப்பாட்டுக்கு இந்தப் பெயரிடல் உதவாது. காஞ்சிரத்தில் வளரும் செடியே மறுநாள் புளியிலும் வளரலாம்.

சுவீடன் நாட்டு லினேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்டபோது, வான் ரீட்டின் படங்களையும் பயன்படுத்திக்கொண்டார். மரத்தில் வளரும் ஓர்க்கிட்டுகளை எல்லாம் எபிடென்ட்ரம் என்ற ஒரே சாதிக்குள் போட்டுவிட்டார். மரத்தின்மேல் இருப்பது என்பதே அச்சொல்லின் பொருள். எங்கள் வளவில் ஏறிய மனிதரும் அதைத்தான் செய்தார். நம் வண்டாவும் 1795இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது எபிடென்ட்ரம் என்றே பெயர் பெற்றது. பின்னர் வந்தவர்கள் தூணையும் மகரந்தத் திரளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்து, அந்தப் பெருங்கட்டை அவிழ்த்து நூற்றுக்கணக்கான சாதிகளாகப் பிரித்தனர். இன்று எபிடென்ட்ரம் என்ற பெயர் அமெரிக்கக் கண்டத்துச் சாதியொன்றுக்கு மட்டுமே உரியது. காஞ்சிர மரவாழை சிம்பிடியம் அலோயிஃபோலியம் ஆயிற்று. அஞ்சிலி மரவாழை ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா ஆயிற்று. பிந்தியதன் பூக்கொத்து நரிவால்போல் தொங்கும். இலங்கையில் மட்டக்களப்பு ஓர்க்கிட் என்று பெயர் பெற்ற அதுவே, அசாமில் பிகு விழாவுக்குப் பெண்கள் கொண்டையில் சூடும் மாநில மலருமாகும்.

பெயர் மாறும் வேலை இன்னும் ஓயவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும், பற்றைகளின்மேல் படர்ந்து பொன்மஞ்சட் பூப் பூக்கும் ஓர்க்கிட் ஒன்று உண்டு; வான் ரீட்டின் நூலில் அது பொன்னம்பூ மரவாழை. லினேயஸ் அதை எபிடென்ட்ரம் என்றார், 1826இல் அது வண்டாவுக்கு மாற்றப்பட்டது, 1992இல் அதற்கென்றே தப்ரோபேனியா என்ற தனிச் சாதி ஆக்கப்பட்டது. இலங்கையைக் கிரேக்கர் அழைத்த தப்ரபேன் என்ற பெயரிலிருந்து வந்தது அது. பெயர் மாறும்போதெல்லாம் சலித்துக்கொள்வோர் உளர். எனக்கோ, உறவுமுறை தெளியத் தெளியப் பெயர் திருந்துவது இயல்பு என்றே தோன்றுகிறது.

பூவின் அமைப்பையும், 1990கள் முதல் டி.என்.ஏ. ஒப்பீட்டையும் சேர்த்துப் பார்த்து, இன்று ஓர்க்கிட் குடும்பத்தை ஐந்து உபகுடும்பங்களாகப் பிரிக்கின்றனர். தூணில் எத்தனை கேசரங்கள், அவை எவ்வாறு பொருந்தியுள்ளன, மகரந்தம் தூளா திரளா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே தொடக்கநிலை வாசகர் பெரும்பாலும் வழி கண்டுகொள்ளலாம். மிகப் பழைய கிளையான அபொஸ்தேசியா கூட்டத்தில் இரண்டு சாதிகளும் பதினைந்து அளவிலான இனங்களுமே உள்ளன. அவற்றில் கேசரங்கள் இரண்டோ மூன்றோ இருக்கும், உதட்டிதழ் அநேகமாக வேறுபடாது, தூண் அரைகுறையாகவே உருவாகியிருக்கும். பார்ப்பவர் அதை ஓர்க்கிட் என்று நம்பமாட்டார். இலங்கையின் ஈர வலயக் காடுகளில் அபொஸ்தேசியா வாலிக்கி என்ற இனம் வளர்கிறது. இரண்டு கேசரங்களும், மிதியடியின் முன்பகுதிபோல் குழிந்த உதட்டிதழும் கொண்டது மிதியடி ஓர்க்கிட் கூட்டம். அதன் தென்னிந்திய எல்லை அகத்தியமலை. அங்கே மட்டும் வளரும் பாபியோபெடிலம் துரூரியி என்ற இனம் அம்மலைக்குத் தெற்கே கடலைக் கடந்து வரவில்லை. ஆகவே இலங்கையில் மிதியடி ஓர்க்கிட் ஒன்றேனும் இயற்கையாக இல்லை.

மற்ற மூன்று உபகுடும்பங்களிலும் கேசரம் ஒன்றே. இம்மூன்றும் உலர் வலயத்தில் உண்டு என்பதுதான் வன்னியில் இருந்து ஓர்க்கிட் கற்க விரும்புபவருக்கு நல்ல செய்தி. வனிலாக் கூட்டத்தில் மகரந்தம் இறுகிய மணியாகத் திரளாமல் நெகிழ்ந்தே இருக்கும். கேக்கின் மணத்துக்குச் சேர்க்கும் வனிலா மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட கொடியின் காய். 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன், தன் பன்னிரண்டாம் வயதில், அதைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டறிந்த பின்னரே, அது பூர்வீக நாட்டுக்கு வெளியே பயிராகக் காய்த்தது. அதன் உறவான வனிலா வால்கெரியே நம் உலர் வலயப் பற்றைகளில் வளர்கிறது. இலையே இல்லாத, சாறுநிறைந்த பச்சைக் கொடியாக மரங்களில் ஏறிக் கிடப்பதால், பூக்காத காலத்தில் அதைக் கண்டவர் பிரண்டையின் உறவினமோ என்றுதான் ஐயுறுவார்.

நிலத்து ஓர்க்கிட் கூட்டமான ஓர்க்கிடோயிடியேயில் கேசரம் நிமிர்ந்து நிற்க, மகரந்தம் மென்மையான துகள்களாகப் பிரியும். ஹபெனாரியா, சூக்சைன் முதலிய சாதிகள் இதனுள் அடங்கும். பல இனங்களுக்கு நிலத்தடியில் கிழங்கு உண்டு. ஐரோப்பாவின் ஓர்க்கிஸ் என்ற சாதியில் அக்கிழங்குகள் இரண்டிரண்டாக இருப்பதைக் கண்டு கிரேக்கர் விதைப்பை என்ற பொருளில் இட்ட பெயரே இந்த முழுக் குடும்பத்துக்கும் நிலைத்துவிட்டது. கடைசியாக எபிடென்ட்ரோயிடியே, குடும்பத்தின் இனங்களுள் ஐந்தில் நான்கு பங்கு இதனுள்தான் உள்ளது. நாம் ஈர்க்கால் கழற்றிய தொப்பியும் மெழுகு மணிகளும் இதன் அடையாளம். வண்டாவும் சிம்பிடியமும் இதைச் சேர்ந்தவை. மண்ணில் வளரும் யூலோபியாவும் இதையே சேர்ந்தது. மண்ணில் நிற்பதால் யூலோபியாவை ஹபெனாரியாவோடு சேர்ப்பவர் லினேயஸின் பழைய வழுக்கலில் மீண்டும் வழுக்குகிறார்.

இனி, எது எங்கே வளர்கிறது என்ற கேள்வி. இதற்கு விடை விதையில் தொடங்குகிறது. ஓர்க்கிட்டின் முற்றிய காய் நீளவாட்டில் வெடிக்கும்போது உள்ளிருந்து வருவது விதை என்று சொல்லத் தோன்றாது, புழுதிதான். ஒரு காயில் இலட்சக்கணக்கில், சில இனங்களில் அதற்கும் மேலாக, விதைகள் இருக்கும். அவற்றில் சேமிப்பு உணவு இல்லை. எனவே சோளகக் காற்றில் அவை எவ்வளவு தொலைவும் பறக்கும், ஆனால் விழுந்த இடத்தில் தாமாக வளரமாட்டா. அங்கே ஏற்ற பங்கசு (பூஞ்சை) ஒன்று இருந்து, அதன் இழைகள் விதைக்குள் நுழைந்து உணவூட்ட வேண்டும். இந்த உறவை 1899இல் பிரெஞ்சு ஆய்வாளர் நோயெல் பெர்னார்ட் கண்டறிந்தார். அதற்கு முன் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் விதையைத் தூவித் தூவி ஏமாந்ததற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவு வெறும் சாம்பலானது. 1897இல் தாவரவியலாளர்கள் அங்கே சென்றபோது ஓர்க்கிட்டுகள் கடல்தாண்டி வந்து நின்றன. ஆகவே ஓர்க்கிட் ஓரிடத்தில் இல்லையென்றால், விதை வந்துசேராதது காரணமாக இருப்பது அரிது. வந்த விதைக்கு ஈரமும் இடமும் பங்கசும் கிடைக்காததே பெரும்பாலும் காரணம்.

உலகப் படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒழுங்கு தெரியும். அந்தாட்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் ஓர்க்கிட்டுகள் உள்ளன. மேற்கு அவுஸ்திரேலியாவில் வாழ்நாள் முழுவதும் மண்ணுக்கடியிலேயே கழித்து அங்கேயே பூக்கும் இனம்கூட 1928இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் பெருந்தொகை வெப்பவலய மலைகளில்தான். அந்தீசு மலைத்தொடர் ஊடறுக்கும் கொலம்பியாவிலும் எக்குவடோரிலும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4,000 இனங்கள். நியூகினித் தீவில் 2,500க்கும் மேல். முகில் தவழும் மலைச்சரிவில் பட்டையும் பாசியும் எப்போதும் ஈரமாக இருக்கின்றன. உயரம் மாற மாற வெப்பமும் மாறுவதால் ஒவ்வொரு பட்டிக்கும் ஏற்ற இனங்கள் தனித்துப் பிரிகின்றன. ஒரு முகட்டிலிருந்து மறு முகடு தீவுபோல் விலகி நிற்கிறது. இந்தியாவில் 1,250 அளவில் உள்ள இனங்களும் கிழக்கு இமயத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலுமே குவிந்துள்ளன.

இலங்கையில் ஏறத்தாழ 190 இனங்கள். அவற்றுள் 50க்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லை. சிங்கராசா, சிவனொளிபாத மலை, நக்கிள்ஸ் ஆகிய ஈரக் காடுகளில் ஒரு மரத்திலேயே பல இனங்களைக் காணலாம். வெசாக் காலத்தில் பூப்பதால் வெசாக் மலர் எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே அந்த ஈர வலயத்துக்கே உரியது. வன்னிக்கு வந்தால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது. நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் மாதக்கணக்கில் வெயில். இங்கு தங்கியவை, வறட்சியைத் தாங்கத் தெரிந்த சிலவே.

அவை தாங்கும் விதத்தில்தான் வன்னியின் சிறப்பு உள்ளது. வண்டா பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்கிச் சேமித்து, மறுநாட் பகலில் அதைக் கொண்டு உணவாக்குகிறது. நீர் ஆவியாவது இதனால் மிகக் குறைகிறது. மழை ஓய்ந்த பின் வரும் பனியும் அதற்கு உதவுகிறது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்களே, அந்தப் பனித்துளியை விடியுமுன் உறிஞ்சிக்கொள்ளும் உறுப்பு அதே வேலமன் உறைதான். சிம்பிடியம் மரப்பொந்துகளில் தேங்கிய மக்கலில் வேரோட்டி, தோல்போல் தடித்த இலைகளில் நீரைக் காக்கிறது. யூலோபியா, கோடையில் இலைகளை முற்றாக உதிர்த்துவிட்டு, தண்டின் அடியில் வெங்காயம்போல் பருத்த பகுதியில் ஒடுங்கிவிடும்.

இடம் தேடும்போது மரத்தின் வயதையும் பட்டையையும் பார்க்க வேண்டும். பாலையின் பட்டை ஆழமாக வெடித்து, சொரசொரப்பாக, ஆண்டுக்கணக்கில் விழாமல் இருப்பது. விதை தங்கவும், பங்கசு வாழவும், வேர் பிடிக்கவும் அதில் இடமுண்டு. ஆற்றோரத்து மருது எவ்வளவு பருத்தாலும் அதன் வழுவழுப்பான பட்டை செதில் செதிலாகக் கழன்று விழுவதால், பற்றிய செடியும் அதோடு போய்விடும். ஆயினும் கனகராயன் ஆறு, பாலியாறு முதலியவற்றின் கரைகளில் காற்று ஈரமாக இருப்பதால், மருதுக்குப் பக்கத்தில் நிற்கும் முதுமரங்களைப் பார்ப்பது வீண்போகாது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் அவசியம்: ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் 1975 முதல் நடைமுறையிலுள்ள அழியும் உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது; காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பது குற்றம்.

மரத்தை அண்ணாந்து பார்ப்பவர் தவறவிடும் ஒன்று காலடியில் உண்டு. சூக்சைன் ஸ்ட்ராட்டியுமாட்டிக்கா என்ற நிலத்து ஓர்க்கிட், ஈரப் புல்வெளியிலும் வயற்கரையிலும் ஒரு சாண் அளவே வளர்ந்து, வெள்ளைப் பூவும் மஞ்சள் உதடுமாகப் புல்லோடு புல்லாக நிற்கும். ஒல்லாந்தரின் காலத்தில் மருத்துவராக இங்கு வந்த பவுல் ஹேர்மன் இலங்கையில் சேகரித்த தாவரங்களைக் கொண்டே லினேயஸ் அதற்குப் பெயரிட்டார். 1930களில் அமெரிக்காவின் புளோரிடாவில் அது புல்தரைகளில் தானாகவே முளைத்திருக்கக் கண்டனர். பிற நாட்டுப் புல்விதையோடு கலந்து சென்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதன் தூணைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், வரம்பில் முழந்தாளிட்டுக் குனியவும் வேண்டும். கேசரம் தொப்பிபோல் கவிழாமல் நிமிர்ந்திருப்பதைக் கண்டுகொண்டால், பாலையில் தொங்கும் வண்டாவிலிருந்து அது எந்தக் கிளையில் பிரிந்தது என்பதைப் பெயர்ப்பட்டியல் இல்லாமலே சொல்லிவிடலாம்.